டச்பேட் மக்கர் செய்தால்: கோளாறைப் பிடிப்பதும் விரல் சைகைகளை நம் வசதிக்கு மாற்றுவதும்

"டச்பேட் வேலை செய்யலை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் நான்கு வெவ்வேறு புகார்கள் இருக்கின்றன. கர்சர் அசையவே இல்லை. கர்சர் ஓடுகிறது, ஆனால் இரண்டு விரல், மூன்று விரல் சைகைகள் எடுபடவில்லை. கர்சர் தானாகத் துள்ளுகிறது. அழுத்தினால் கிளிக் விழவில்லை. நான்குக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. முதலாவது பெரும்பாலும் எங்கோ ஒரு சுவிட்ச் அணைந்த கதை. இரண்டாவது டிரைவர், அதாவது உறுப்பையும் விண்டோஸையும் பேசவைக்கும் சிறு மென்பொருள். மூன்றாவது மின்சாரம் அல்லது ஈரம். நான்காவதற்குக் காரணம் பேட்டரி என்றால் அன்றைக்கே லேப்டாப்பை ஓரமாக வைத்துவிட வேண்டும்.

உங்களுடையது எது என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஐந்து மாற்றங்களை ஒரேயடியாகச் செய்தால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

கீழே உள்ள வழிகள் விண்டோஸ் 11-க்கானவை. அதில் "செட்டிங்ஸ்", "ப்ளூடூத் அண்ட் டிவைசஸ்", "டச்பேட்" என்று போக வேண்டும். விண்டோஸ் 10-இல் நடுவில் வருவது "டிவைசஸ்". மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகப் பின்னால் இருக்கிறது.

கர்சர் அசையவே இல்லை

முதலில் விசைப்பலகையின் மேல்வரிசையைப் பாருங்கள். பல லேப்டாப்களில் எஃப்1 முதல் எஃப்12 வரையுள்ள விசைகளில் ஏதாவது ஒன்றில் சின்னச் சதுரமும் அதன்மேல் ஒரு கோடும் வரைந்திருக்கும். அதுதான் டச்பேட்டை அணைக்கும் விசை. எந்த எண் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் மாறும். படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிலவற்றில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். பழைய எச்பி லேப்டாப்கள் சிலவற்றில் டச்பேட்டின் இடது மேல்மூலையில் இரண்டு முறை தட்டினால் அணையும், மறுபடி தட்டினால் உயிர்பெறும். அந்த மூலையில் சிறிய ஆரஞ்சு விளக்கு எரிந்தால் டச்பேட் அணைந்திருக்கிறது என்று பொருள். துணியால் துடைக்கும்போது தெரியாமல் இது நடந்துவிடும்.

அதில் சரியாகவில்லை என்றால் செட்டிங்ஸுக்குள் போக வேண்டும். மவுஸ் கையில் இல்லாவிட்டால் விசைப்பலகையே போதும். விண்டோஸ் விசையுடன் ஐ அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். தேடும் பெட்டியில் ஆங்கிலத்தில் டச்பேட் என்று தட்டச்சு செய்து, கீழ்அம்புக்குறியால் தேர்ந்தெடுத்து என்டர் அழுத்துங்கள். டேப் விசையை அழுத்த அழுத்த ஒரு கட்டம் ஒவ்வொரு இடமாக நகரும். டச்பேட் என்ற சுவிட்சுக்கு அது வந்ததும் ஸ்பேஸ் விசையைத் தட்டினால் ஆன் ஆகும்.

அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்திலுள்ள அம்புக்குறியை விரித்தால் "லீவ் டச்பேட் ஆன் வென் எ மவுஸ் இஸ் கனெக்டட்" என்ற வரி வரும். அதில் டிக் இல்லையென்றால், மவுஸ் இணைந்திருக்கும்வரை டச்பேட் செத்தே கிடக்கும். வயர்லெஸ் மவுஸ் பைக்குள்ளோ வேறு அறையிலோ இருந்தாலும் அதன் குட்டி ரிசீவர் யூஎஸ்பி துளையில் செருகியே இருந்தால் விண்டோஸுக்கு அது மவுஸ்தான். "நேற்றுவரை நன்றாக இருந்தது" என்று வரும் புகார்களில் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இவ்வளவுக்கும் அசையவில்லையா? லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் மற்ற எல்லா வயர்களையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டில் தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்து, டச்பேட்டையும் விசைப்பலகையையும் கவனிக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சிப் புதிதாகத் தொடங்கும். அதன்பின் பயோஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்குமுன் வரும் அடிப்படை அமைப்புத் திரைக்குள், போய்ப் பாருங்கள். இயக்கும்போதே எஃப்2, டெலீட் போன்ற விசையைத் தட்டினால் திறக்கும். அங்கே டச்பேட் அல்லது "இன்டர்னல் பாயின்டிங் டிவைஸ்" என்ற வரி அணைந்திருந்தால் ஆன் செய்யுங்கள். ஏசர் லேப்டாப்கள் சிலவற்றில் இந்த இடத்தில் "பேசிக்", "அட்வான்ஸ்டு" என்று இரண்டு தேர்வுகள் உண்டு. பேசிக்கில் டச்பேட் பழைய காலத்து மவுஸ்போல மட்டும் நடந்துகொள்ளும்; அட்வான்ஸ்டில்தான் பல விரல் சைகைகள் வரும். விண்டோஸுக்குள் ஒன்றில் அசையாதது மற்றொன்றில் அசைந்தால் கோளாறு டிரைவரில்.

உறுப்பே பழுதா, மென்பொருள் சிக்கலா என்று ஐயமின்றி அறிய ஒரு வழி உண்டு. இலவச இயங்குதளமான உபுண்டு லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் "ட்ரை உபுண்டு" முறையில் இயக்குங்கள். அங்கே டச்பேட் ஓடினால் உறுப்பு நன்றாக இருக்கிறது, விண்டோஸை மட்டும் சரிசெய்தால் போதும். அங்கும் ஓடாமல், பயோஸிலும் அசைவில்லை என்றால் உள்ளே பட்டைக் கேபிள் கழன்றிருக்கலாம் அல்லது டச்பேட்டே போயிருக்கலாம். கடைக்குக் கொண்டுபோக வேண்டிய கட்டம் அதுதான், அதற்கு முன்பல்ல.

கர்சர் ஓடுகிறது, சைகைகள் இல்லை

இங்கே ஒரு விஷயம் புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். டச்பேட்டில் இரண்டு சாதி உண்டு. பழைய வகையில், எத்தனை விரல், என்ன சைகை என்பதை டச்பேட்டைச் செய்த நிறுவனத்தின் டிரைவரே கணித்து, விண்டோஸிடம் "மவுஸ் இவ்வளவு நகர்ந்தது" என்று மட்டும் சொல்லும். சைனாப்டிக்ஸ், எலான் ஆகியவற்றின் பழைய டிரைவர்கள் இப்படித்தான். அந்த டிரைவர் போய்விட்டால் சைகைகளும் அதோடு போய்விடும். 2013-இல் விண்டோஸ் 8.1-உடன் வந்த பிரிசிஷன் டச்பேட் வேறு மாதிரி. ஒவ்வொரு விரலும் எங்கே இருக்கிறது என்ற தகவலை அது அப்படியே கொடுத்துவிடும். சைகையைப் புரிந்துகொள்வது விண்டோஸின் வேலை. அதனால்தான் வெவ்வேறு நிறுவன லேப்டாப்களிலும் அமைப்புப் பக்கம் ஒரே மாதிரி இருக்கிறது.

உங்களுடையது எது என்று அறிவது எளிது. செட்டிங்ஸின் டச்பேட் பக்கத்தில் மூன்று விரல், நான்கு விரல் சைகைகளுக்குத் தனித்தனிப் பிரிவு இருந்தால் பிரிசிஷன். விண்டோஸ் 10-இல் அந்தப் பெயரோடு ஒரு வரியே மேலே இருக்கும். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளின் முதல் தொகுதிகள் இந்த ஏற்பாட்டுக்கு முந்தியவை. அவற்றில் இந்தப் பக்கத்தைத் தேடிப் பயனில்லை. பழைய கண்ட்ரோல் பேனலில் மவுஸ் என்பதைத் திறந்தால், டிரைவர் சரியாக இருக்கும் பட்சத்தில், கடைசியில் டச்பேட் நிறுவனத்தின் தாவல் ஒன்று இருக்கும். மாற்ற முடிந்தது எல்லாம் அதற்குள்தான்.

பிரிசிஷன் டச்பேட் இருந்தும் சைகைகள் காணாமல்போனால் விண்டோஸ் விசையுடன் எக்ஸ் அழுத்தி "டிவைஸ் மேனேஜர்" திறவுங்கள். "ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்" என்பதை விரித்தால் "எச்ஐடி கம்ப்ளையன்ட் டச் பேட்", "ஐ2சி எச்ஐடி டிவைஸ்" என்ற இரண்டும் இருக்க வேண்டும். மஞ்சள் முக்கோணம் இருந்தாலோ, அந்த வரிகளே இல்லாமல் மவுஸ் பட்டியலில் "பிஎஸ்/2 கம்பேட்டிபிள் மவுஸ்" மட்டும் நின்றாலோ டிரைவர் சிக்கல் உறுதி.

விண்டோஸைப் புதிதாக ஏற்றியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுவே. டச்பேட் டிரைவரை நாலு முறை போட்டுப் பார்ப்பார்கள். உண்மையில் இல்லாதது அதற்கு அடியிலுள்ள டிரைவர். டச்பேட் ஐ2சி என்ற வழியாக மதர்போர்டோடு பேசுகிறது. இன்டெல் லேப்டாப்களில் அந்த வழியைத் திறப்பது "இன்டெல் சீரியல் ஐஓ" டிரைவர். ஏஎம்டியில் அதன் ஐ2சி டிரைவர். பாதை இல்லாத ஊருக்கு வண்டி வாங்கி என்ன செய்வது? ஆகவே வரிசை இது: லேப்டாப்பின் அடியிலுள்ள வரிசை எண்ணைக் கொண்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் மாடலைத் திறந்து, முதலில் சிப்செட், அடுத்து சீரியல் ஐஓ, கடைசியாக டச்பேட். ஒவ்வொன்றுக்கும் பின் ரீஸ்டார்ட். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்பதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களை அண்டவிடாதீர்கள். பொருந்தாத டிரைவரைப் போட்டு இருப்பதையும் கெடுத்துவிடும்.

அப்டேட்டுக்கு மறுநாள் கெட்டது என்றால் டிவைஸ் மேனேஜரில் அந்த வரியை இருமுறை சொடுக்கி, "டிரைவர்" தாவலில் "ரோல் பேக் டிரைவர்" பாருங்கள். அது மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழைய டிரைவர் இல்லை. அப்போது "அன்இன்ஸ்டால் டிவைஸ்" கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் மறுபடி கண்டுபிடித்துக்கொள்ளும். இங்கே ரீஸ்டார்ட் என்றால் ரீஸ்டார்ட்தான். "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்து மறுபடி ஆன் செய்தால், விண்டோஸ் தன் உட்கருவை வட்டில் சேமித்துவைத்து அதையே திரும்ப எடுக்கும். பழைய கோளாறும் கூடவே வரும்.

ஸ்லீப்பிலிருந்து எழும்போது மட்டும் உறைந்துபோகிறது என்றால், "ஐ2சி எச்ஐடி டிவைஸ்" வரியில் "பவர் மேனேஜ்மென்ட்" தாவல் இருக்கிறதா பாருங்கள். மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

கர்சர் தானாகத் துள்ளுகிறது

சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் பேட்டரியில் ஓட்டுங்கள். துள்ளல் நின்றதா? அப்படியானால் டச்பேட்டைத் திட்டிப் பயனில்லை, சுவரைப் பாருங்கள்.

டச்பேட்டுக்கு அடியில் மெல்லிய மின்முனைகளின் வலை இருக்கிறது. விரல் அருகே வந்தால் அந்த இடத்தின் மின்தேக்கம் மிக மிகச் சிறிதளவு மாறும். அந்த மாற்றத்தை அளந்துதான் விரல் இருக்குமிடத்தை அது கணிக்கிறது. சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் அந்த அளவீட்டைக் குலைத்துவிடும். மூன்று பின் உள்ள சார்ஜரில் இரைச்சலை வழியனுப்பும் வேலை எர்த்துக்கு உரியது. சாக்கெட்டில் எர்த் கம்பி இணைக்கப்படாவிட்டால் அது போக இடமில்லாமல் லேப்டாப்பின் உடலிலேயே மிதக்கும். உலோக உடலைப் புறங்கையால் தடவும்போது சுருசுருவென்று இருப்பதும் இதனால்தான்.

வேறு அறையின் சாக்கெட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. மலிவான பெட்டிகளில் உள்ளே ஓடுவது இரண்டே கம்பிகளாக இருக்கலாம். மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டரும் அதே தவறுதான். மேலே உள்ள தடித்த எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். வீட்டில் எந்தச் சாக்கெட்டிலும் துள்ளுகிறது என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். டச்பேட்டைவிட உங்கள் உயிருக்கு அது முக்கியம். வீடு சரியாக இருந்தும் துள்ளினால் சார்ஜரை மாற்றிப் பாருங்கள்; அசல் அல்லாத மலிவுச் சார்ஜர்களில் இரைச்சலை வடிகட்டும் பகுதியில்தான் கஞ்சத்தனம் காட்டுவார்கள்.

பேட்டரியிலும் துள்ளினால் ஈரமோ எண்ணெயோ. வியர்த்த விரல், தேங்காய் எண்ணெய் பட்ட கை, முறுக்கு தின்ற கை எல்லாம் ஒன்றே. லேப்டாப்பை அணைத்து, நூல் உதிராத துணியில் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சில துளி விட்டுத் துடையுங்கள். டச்பேட்டின்மேல் நேராகத் தெளித்தால் ஓரங்கள் வழியே உள்ளே இறங்கிவிடும். கையில் கிடக்கும் உலோக வளையலோ கைக்கடிகாரப் பட்டையோ டச்பேட்டின் ஓரத்தில் படிந்தால் அதையும் விரலாக எடுத்துக்கொள்ளக்கூடும். மேலே ஒட்டிய ஸ்டிக்கர் உறையைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

தட்டச்சு செய்யும்போது மட்டும் கர்சர் வேறு வரிக்குத் தாவுகிறது என்றால் குற்றவாளி உள்ளங்கை. "டேப்ஸ்" (தட்டல்கள்) பிரிவில் "டச்பேட் சென்சிடிவிட்டி" என்பதை "லோ" ஆக்குங்கள். நான்கு நிலைகள் உண்டு. இது வெறும் உணர்திறன் அல்ல. விசையைத் தட்டியபின் எவ்வளவு நேரம் டச்பேட்டைக் கண்டுகொள்ளாமல் இருப்பது என்பதையும் இதுவே தீர்மானிக்கிறது. அதனால்தான் விளையாட்டில் ஒரு கையால் விசைகளை அழுத்தியபடி மறு கையால் டச்பேட்டில் பார்வையைத் திருப்ப முடியவில்லை என்பவர்களுக்கு நேர்மாறான மருந்து: "மோஸ்ட் சென்சிடிவ்". விளையாடி முடித்ததும் பழைய நிலைக்கு மாற்ற மறக்காதீர்கள்.

அழுத்தினால் கிளிக் விழவில்லை

டச்பேட்டின் மேல்பாதி அழுந்தவே இல்லை, கீழ்ப்பாதி நன்றாக அழுந்துகிறது என்றால் அது கோளாறே அல்ல. பெரும்பாலான டச்பேட்கள் மேல் விளிம்பில் கீல் வைத்த பலகை மாதிரி. கீழே அழுத்த எளிது, மேலே போகப் போகக் கடினம். மேலே இருக்கும்போது தட்டுங்கள், அழுத்தாதீர்கள். 2015 முதல் மேக்புக்குகளில் வரத் தொடங்கிய ஃபோர்ஸ் டச் டிராக்பேட் வேறு வகை: உண்மையில் அது அழுந்துவதே இல்லை, அதிர்வு கொடுத்து அழுந்தியதுபோல் காட்டுகிறது. அணைத்துவிட்டு அழுத்தினால் கல்போல் இருக்கும். பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. முன்பு நன்றாக அழுந்தியது இப்போது இறுகிவிட்டது, அல்லது டச்பேட்டின் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது, லேப்டாப்பை மேசையில் வைத்தால் ஆடுகிறது, மூடி சரியாக மூடவில்லை என்றால் அடியிலுள்ள பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே சார்ஜரைப் பிடுங்கி அணைத்துவிடுங்கள். டச்பேட்டை அமுக்கிச் சமன்செய்யப் பார்க்காதீர்கள்; ஊசியால் குத்தினால் தீப்பிடிக்கும். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகும்வரை சார்ஜ் செய்யவே கூடாது.

விண்டோஸில் சைகைகளை மாற்றுவது

முதலில் ஸ்க்ரோல் திசையை முடிவு செய்யுங்கள். கைப்பழக்கத்தை அதிகம் குழப்புவது அதுதான். "ஸ்க்ரோல் அண்ட் ஜூம்" பிரிவில் "டவுன் மோஷன் ஸ்க்ரோல்ஸ் அப்" என்றால் கைப்பேசியில்போல விரலோடு பக்கமும் நகரும். "டவுன் மோஷன் ஸ்க்ரோல்ஸ் டவுன்" என்றால் பழைய மவுஸ் சக்கரம்போல. கைப்பேசியில் வளர்ந்த கைக்கு முதலாவதே இயல்பு.

"டேப்ஸ்" பிரிவில் இரண்டு விரல் தட்டலுக்கு ரைட் கிளிக் ஆன் செய்துவிட்டு, வலது கீழ்மூலையில் அழுத்தினால் ரைட் கிளிக் என்பதை அணைத்துவிடலாம். சாதாரணமாகக் கிளிக் செய்யும்போது தேவையில்லாமல் மெனு திறக்கும் தொல்லை அத்தோடு தீரும். ஒரு விரல் தட்டலே பிடிக்காதவர்கள் அதையும் அணைக்கலாம். அழுத்தினால் மட்டும் கிளிக் விழும்.

மூன்று விரலை மேலே தள்ளினால் திறந்திருக்கும் எல்லா சன்னல்களும், கீழே இழுத்தால் டெஸ்க்டாப், பக்கவாட்டில் செயலி மாற்றம் என்பது இயல்பான அமைப்பு. அதை அப்படியே விட்டுவிடுவதே நல்லது. மாற்ற வேண்டியது தட்டல்களை. மூன்று விரல் தட்டலுக்குத் தேடல் பெட்டி எதற்கு? அதற்குத்தான் விண்டோஸ் விசை இருக்கிறதே. அந்த இடத்தில் "மிடில் மவுஸ் பட்டன்" வையுங்கள். இணைப்பின்மேல் மூன்று விரலால் தட்டினால் புதிய தாவலில் திறக்கும். தாவலின்மேல் தட்டினால் அது மூடும். நாளுக்கு நூறு முறை பயன்படும் வசதி.

இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் பக்கத்தின் அடியில் "அட்வான்ஸ்டு ஜெஸ்சர்ஸ்". அங்கே ஒவ்வொரு திசைக்கும் "கஸ்டம் ஷார்ட்கட்" தேர்ந்தெடுத்து "ஸ்டார்ட் ரெக்கார்டிங்" அழுத்தி, விசைகளைத் தட்டி நிறுத்தலாம். நான்கு விரல் கீழே இழுத்தால் கண்ட்ரோலும் டபிள்யூவும், மேலே தள்ளினால் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி (T) மூன்றும் என்று வைத்தால் தாவலை மூடுவதும் தவறி மூடியதைத் திரும்பப் பெறுவதும் எதிரெதிர்ச் சைகைகளாகிவிடும், நினைவிலும் நிற்கும். ஒரே நாளில் எட்டுச் சைகைகளை மாற்றாதீர்கள். வாரத்துக்கு இரண்டு போதும், கை பழக வேண்டும்.

எல்லாம் குழம்பிப்போனால் அதே பக்கத்தில் "ரீசெட்" இருக்கிறது.

மேக்கிலும் லினக்ஸிலும்

மேக்கில் "சிஸ்டம் செட்டிங்ஸ்", "டிராக்பேட்". தட்டினால் கிளிக் என்பது இயல்பாக அணைந்தே வரும். "பாயின்ட் அண்ட் கிளிக்" தாவலில் "டேப் டு கிளிக்" ஆன் செய்யுங்கள். மூன்று விரலால் சன்னலைப் பிடித்து இழுக்கும் அருமையான வசதி இங்கே இல்லை. அதை "அக்சஸிபிலிட்டி", "பாயின்டர் கண்ட்ரோல்", "டிராக்பேட் ஆப்ஷன்ஸ்" என்று ஒளித்துவைத்திருக்கிறார்கள். அதை இயக்கினால் மூன்று விரல் வழித்தல்கள் நான்கு விரலுக்கு மாறிவிடும். சைகை கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். மவுஸ் இணைந்தால் உள்ளமைந்த டிராக்பேட்டைப் புறக்கணிக்கும் சுவிட்சும் "பாயின்டர் கண்ட்ரோல்" பக்கத்தில்தான். பக்கத்து அறையில் ப்ளூடூத் மவுஸ் ஆனில் கிடந்தால் டிராக்பேட் செத்ததுபோல் இருக்கும். "நேச்சுரல் ஸ்க்ரோலிங்" மேக்கில் மவுஸுக்கும் டிராக்பேட்டுக்கும் ஒரே சுவிட்ச். தனித்தனியாக வேண்டுமென்றால் ஸ்க்ரோல் ரிவர்சர் என்ற இலவச மென்பொருளைப் போட வேண்டும்.

லினக்ஸில் க்னோம் என்ற டெஸ்க்டாப் அமைப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு மூன்று விரல் சைகைகள் 2021-இல் வந்த க்னோம் 40 முதல் உண்டு, ஆனால் வேலேண்ட் என்ற புதிய திரைக்காட்சி முறையில் மட்டும். வேலை செய்யாவிட்டால் லாக்அவுட் செய்து, கடவுச்சொல் கேட்கும் திரையின் பல்சக்கரத்தில் எக்ஸ்ஆர்க் என்ற பழைய முறை தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். எக்ஸ்ஆர்க்கையே விடமுடியாதவர்கள் டச்எக் என்ற சைகை மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம்.

மவுஸால் சைகை

மவுஸ் சைகைக்குப் போகுமுன் மவுஸின் இரண்டு கோளாறுகள். ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை கிளிக் விழுகிறதென்றால் உள்ளேயிருக்கும் சுவிட்ச் தேய்ந்துவிட்டது, அமைப்பில் தேடாதீர்கள். வயர்லெஸ் மவுஸ் விட்டுவிட்டு ஓடுகிறதென்றால், பேட்டரி புதிதாக இருக்கும் பட்சத்தில், ரிசீவருக்குப் பக்கத்தில் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கிறதா பாருங்கள். அதிலிருந்து கிளம்பும் இரைச்சல் மவுஸின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. ரிசீவரை மறுபக்கத் துளைக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு அடி நீள எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளிவையுங்கள்.

மவுஸ் சைகை என்பது ரைட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கோடு இழுப்பது. ஓபரா, விவால்டி உலாவிகளில் இது உள்ளேயே இருக்கிறது: இடப்பக்கம் இழுத்தால் முந்தைய பக்கம், வலப்பக்கம் அடுத்தது, கீழே இழுத்தால் புதிய தாவல், கீழே இழுத்து வலப்பக்கம் திரும்பினால் தாவல் மூடும். மைக்ரோசாஃப்ட் எட்ஜிலும் 2023 முதல் உண்டு; அதன் செட்டிங்ஸில் மவுஸ் ஜெஸ்சர் என்று தேடி இயக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸுக்கு ஜெஸ்சரிஃபை என்ற நீட்டிப்பு (உலாவியோடு சேர்க்கும் குட்டி மென்பொருள்) நல்லது. இப்படிப்பட்ட நீட்டிப்புகள் நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கும் அனுமதி கேட்கும் என்பதால், உள்ளேயே வசதியுள்ள உலாவி இருந்தால் அதையே பயன்படுத்துவது பாதுகாப்பு.

நீட்டிப்பு வழியாகச் செய்யும்போது சில பக்கங்களில் மட்டும் சைகை எடுபடாது. உலாவியின் சொந்த அமைப்புப் பக்கங்கள், நீட்டிப்புக் கடை ஆகியவற்றில் நீட்டிப்புகளுக்கு அனுமதியே இல்லை. வேறு தளத்துக்குப் போய்ச் சோதியுங்கள். மேக்கிலும் லினக்ஸிலும் இன்னொரு சிக்கல் வரும். விண்டோஸில் ரைட் பட்டனை விடும்போதுதான் மெனு திறக்கும்; இவ்விரண்டிலும் அழுத்தியவுடனே திறந்துவிடும், கோடு இழுக்க நேரம் இல்லை. நீட்டிப்பின் அமைப்பில், இருமுறை ரைட் கிளிக் செய்தால் மட்டும் மெனு என்ற தேர்வு இருந்தால் அதை இயக்குங்கள். இல்லாவிட்டால் சைகையை நடுப்பட்டனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.